பதினோரு வருடமாக எட்டாம் வகுப்பு

அடிவெப்பா இஞ்சலுக்கு வயது நாற்பத்திரண்டு. எம்.ஏ. முடித்தார், எம்.எட். முடித்தார், பிஎச்.டி.யையும் ஒரு வழியாக முடித்தார். அவ்வளவும் முடித்தவர் கடந்த பதினோரு வருடமாக எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவில், கடைசி பெஞ்சில், ஜன்னலோரமாக உட்கார்ந்திருக்கிறார். தேறவில்லை. யாரும் தேறச் சொல்லவும் இல்லை.

இது விளங்க வேண்டுமானால் எங்கள் பிழைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தார்வாட்டில் மடம் நடத்துகிற கல்வியியல் முதுகலைக் கல்லூரி எங்களுடையது. வாத்தியாராகப் போகிறவர்களும், வாத்தியார்களுக்கே வாத்தியாராகப் போகிறவர்களும் ஒரே கூரையின் கீழ் படிக்கிறார்கள். நிஜப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் முன்பு அவர்களைத் தங்களுக்குள்ளேயே பாடம் நடத்திப் பழகச் சொல்வோம். ஒருவர் ஆசிரியர், மீதிப் பத்துப் பேர் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். ஆறு நிமிடத்தில் மணி அடித்துவிடும். இதற்கு நுண்கற்பித்தல் என்று பெயர். பெரிய மீசை வைத்தவர்களும், பெற்ற பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்தவர்களும் ‘மிஸ், இவன் என்னைக் கிள்றான்’ என்று முறையிடுவார்கள். அதை வெளியாள் யாராவது பார்த்தால் எங்களைப் பற்றி என்ன நினைப்பாரோ, நாங்களும் எங்களைப் பற்றி அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. படித்து முடித்தவர்களுக்குப் படிக்காத பிள்ளையாக இருக்க வருவதில்லை. ஒன்று, கேட்ட கேள்விக்கெல்லாம் டாண் டாண் என்று சரியான பதிலைச் சொல்லிவிடுவார்கள். இல்லாவிட்டால் கோமாளித்தனம் பண்ணுவார்கள். அடிவெப்பா கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்த முதல் வாரத்தில் பிள்ளைகளில் ஒருவர் குறைந்தார். முதல்வர் சுமங்கலா அங்கடி மேடம் அவரைக் கூப்பிட்டு, ‘சும்மா உக்காருங்க சார், எண்ணிக்கைக்கு’ என்றார். பாடம், நிலா. பேருந்தில் போனால் நிலா நம் கூடவே வருவது போலத் தெரிகிறது, ஆனால் அது வருவதில்லை என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசி பெஞ்சிலிருந்து அடிவெப்பா கையைத் தூக்கினார்.

“மிஸ், நான் சவதத்தி பஸ்ல போனேன், என் கூட வந்துச்சு. எங்க அக்கா அதே நேரத்துல ஹூப்ளி பஸ்ல போனா. அவ கூடவும் போச்சாம். அப்ப எத்தனை நிலா மிஸ்?”

வகுப்பு சிரித்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். யோசித்ததில் அவளுக்கே விஷயம் விளங்கி, அதன் பிறகு அவள் நடத்தியதுதான் பாடம். அன்றைக்கே அந்தப் பையனுக்கு பஸ்யா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பஸ்யா குறும்பு செய்ய மாட்டான். வாயைப் பிளந்துகொண்டு ஆசிரியரையே பார்ப்பான். தப்பாகத்தான் பதில் சொல்வான். ஆனால் அந்தத் தப்புக்கு அவனிடம் ஒரு நியாயம் இருக்கும். ஆசிரியர் அந்த நியாயத்தோடு மல்லுக்கட்டித்தான் ஆக வேண்டும். கதக், பாகல்கோட் கல்லூரிகளிலிருந்தெல்லாம் ‘உங்க பஸ்யாவைக் கொஞ்சம் அனுப்புங்க’ என்று கடிதம் வர ஆரம்பித்தது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டு மேடையில் சால்வை போர்த்தினார்கள். என்ன தத்ரூபமான நடிப்பு என்றார்கள். அடிவெப்பா கூச்சத்தோடு குனிந்து வாங்கிக்கொண்டார். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி மேடை ஏறியவர்கள் மத்தியில், ஒன்றும் தெரியாமல் இருந்ததற்காக மேடை ஏறிய ஒரே ஆள் தான்தான் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

ஒரு வருடம் எம்.எட். மாணவன் ஒருவன் மெல்லக் கற்கும் பிள்ளைகளைப் பற்றி ஆய்வேடு எழுதினான். பள்ளிக்கூடம் போகச் சோம்பல்பட்டு, நுண்கற்பித்தல் வகுப்பிலேயே தரவு சேகரித்துவிட்டான். அட்டவணையில் பஸ்யா பதினான்காம் எண். முன்சோதனையில் இருபதுக்கு நாலு, பின்சோதனையில் பதினேழு. வழிகாட்டியும் கேட்கவில்லை, வெளித்தேர்வாளரும் கேட்கவில்லை. அந்தப் பருவத்தில் ஆராய்ச்சி நெறிமுறைப் பாடம் எடுத்தவர் சாட்சாத் அடிவெப்பாதான்.

இந்தப் புகழெல்லாம் வேலையை நிரந்தரமாக்கவில்லை. ஆசிரியர் பலகையில் மற்றவர்கள் பெயர் வெள்ளைப் பெயிண்டில் இருந்தது. இவர் பெயர் சாக்பீஸில். மழைக்காலத்து ஈரத்தில் பாதி அழிந்து, ஆகஸ்டில் ‘அடி’ மட்டும் மிஞ்சும். ஒவ்வொரு ஜூனிலும் மறுபடி விண்ணப்பம், மறுபடி நியமனம். கடைசியில் ஒருநாள் நிரந்தரப் பணியிடம் ஒன்று அறிவிக்கப்பட்டது. கற்பித்தல் முறைகளுக்கான உதவிப் பேராசிரியர், ஒரே ஒரு இடம். அடுத்த முறை அறிவிப்பு வரும்போது அடிவெப்பாவுக்கு வயது தாண்டியிருக்கும். கிடைத்தால் இப்போது, இல்லாவிட்டால் இல்லை.

அவர் மனைவி மகாதேவி நரேந்திரா கிராமத்து அரசுத் தொடக்கப்பள்ளியில் ஆசிரியை. ஒரே அறையில் மூன்று வகுப்பு, அறுபத்தெட்டுப் பிள்ளைகள். பாடத்திட்டத்தை ஏழு படிகளாகப் பிரித்து எழுதும் வித்தை அவளுக்குத் தெரியாது. எழுத நேரமும் இல்லை. ‘நீங்க வாத்தியாருக்கு வாத்தியார். நான் வெறும் வாத்தியார்’ என்று கணவனைச் சீண்டுவாள். அறுபத்தெட்டுப் பேரை உட்கார வைப்பது எப்படி என்று அடிவெப்பா ஒருமுறை அவளுக்கு யோசனை சொல்லப் போய், இரண்டு நாள் அவரே ரொட்டி தட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று.

நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பும் காலையில் அவள் அவருடைய சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டே சொன்னாள்.

“ஒண்ணு சொல்றேன், கேப்பீங்களா?”

“என்னைக்கு கேக்காம இருந்தேன்?”

“பஸ்யா இன்னைக்கு வீட்டுலயே இருக்கட்டும். நீங்க மட்டும் போயிட்டு வாங்க.”

அவள் பயந்தது நியாயம்தான். எங்கள் கல்லூரியில் நேர்முகத் தேர்வுக்கு ஒரு வழக்கம் உண்டு. வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு பள்ளிப் பாடத்தைக் கால்மணி நேரம் நடத்திக் காட்ட வேண்டும். தேர்வு ஞாயிற்றுக்கிழமையில்தான் நடக்கும், பள்ளிப் பிள்ளைகள் கிடைக்க மாட்டார்கள். ஆகவே ஒருவர் நடத்தும்போது போட்டிக்கு வந்த மற்ற ஐந்து பேரும் பிள்ளைகளாக உட்கார வேண்டும். நடத்துகிறவர் தோற்றால்தான் தனக்கு வேலை என்று காத்திருக்கும் ஐந்து பிள்ளைகள். பிள்ளைகளின் மனநிலையைப் பற்றி முப்பது தாள் கேள்வி போடுகிற கல்லூரிக்கு இது தோன்றவே இல்லை.

வராந்தாவில் நீலகங்கா ஹிரேமட் காத்திருந்தாள். எட்டு வருடத்துக்கு முன்பு அவரிடம் பி.எட். படித்தவள். முதல் நுண்கற்பித்தலில் நாலாவது நிமிடமே அழுதுகொண்டு வெளியே ஓடியவள். அதன் பிறகு கணிதத்தில் எம்.எஸ்ஸி., எம்.எட்., பிஎச்.டி. என்று அடுக்கிக்கொண்டு வந்து நிற்கிறாள். அவரைப் பார்த்ததும் எழுந்தாள்.

“சார், நீங்க நிக்கிற இடத்துல நானும் போட்டிக்கு வந்திருக்கக் கூடாது. வீட்டுல விடலை.”

“என் வீட்டுலயும் விடலைம்மா. உக்காரு.”

“கை நடுங்குது சார்.”

“எனக்கு கால். சேர்த்தா ஒரு முழு ஆளு தேறுவோம்.”

தேர்வுக் குழுவில் மூன்று பேர். அங்கடி மேடம், நிர்வாகத்திலிருந்து வேட்டி கட்டிய ஒரு பெரியவர், மைசூரிலிருந்து வந்த வல்லுநர் நஞ்சுண்டசாமி. சீட்டுக் குலுக்கியதில் நீலகங்காவுக்கு மூன்றாவது எண். அடிவெப்பாவுக்குக் கடைசி.

முதலில் எழுந்தவர் கதக்கிலிருந்து வந்தவர். தாவரங்கள் உணவு தயாரிப்பதைப் பற்றி நன்றாகவே தொடங்கினார். இரண்டாவது பெஞ்சில் வினாயக் பாகேவாடி கையைத் தூக்கினான். இரண்டு தங்கப் பதக்கம் வாங்கியவன். எட்டாம் வகுப்புப் பையனின் குரலில் கொஞ்சிக்கொண்டே, ஆராய்ச்சி இதழில்கூட சண்டை போட்டுக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியைக் கேட்டான். கதக்காரர் நெற்றி வியர்வையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார், மணி அடித்துவிட்டது. அடுத்து பாகேவாடியே நடத்தினான். படம், அட்டை, திரை எல்லாம் இருந்தது. மற்றவர்கள் மடக்கிக் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் ‘அருமையான கேள்வி, அதை அடுத்த வகுப்புல பாப்போம்’ என்றான். எங்கள் தொழிலில் எல்லாப் பூட்டுக்கும் பொருந்துகிற சாவி அது. அடிவெப்பா மனைவி சொன்னபடி வாயை மூடிக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

நீலகங்கா எழுந்தாள். பாடம், பின்னத்தால் வகுத்தல். பலகையில் மூன்று என்று எழுதி, வகுத்தல் குறி போட்டு, அரை என்று எழுதினாள். எழுதும்போதே சாக்பீஸ் உடைந்தது. குனிந்து எடுத்தாள்.

“பின்னத்தால வகுக்கும்போது, அந்தப் பின்னத்தைக் கவுத்துப் போட்டுப் பெருக்கணும். மூணு இன்ட்டு ரெண்டு. ஆறு. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது மிஸ்” என்றார்கள் நாலு பேரும் ஒரே குரலில்.

அதுதான் அடி. குறுக்குக் கேள்வி கேட்டால்கூட ஏதாவது சொல்லித் தப்பிக்கலாம். எல்லாம் புரிந்துவிட்ட பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது. மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, இன்னும் பன்னிரண்டு நிமிடம் கிடக்கிறது. அவள் இன்னொரு கணக்குப் போட்டாள். அதுவும் புரிந்தது. பாகேவாடி கன்னத்தில் கைவைத்து அன்போடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். நஞ்சுண்டசாமி கடிகாரத்தைப் பார்த்தார். நீலகங்கா கதவுப் பக்கம் பார்த்தாள். எட்டு வருடத்துக்கு முன்பு வெளியே ஓடிய அதே முகம்.

அடிவெப்பா பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று, அரை, ஆறு. பார்க்கப் பார்க்க உள்ளுக்குள் ஏதோ ஊறியது. வேலை ஞாபகம் வந்தது, வயது ஞாபகம் வந்தது, மகாதேவியின் முகமும் வந்தது. எல்லாம் வந்து நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலது கை தன்பாட்டுக்கு மேலே போய்விட்டது.

“மிஸ்.”

“சொல்லு... சொல்லுங்க.”

“வகுத்தா கொறையணும்ல மிஸ். மூணுதான இருந்துச்சு. ஆறு எங்கேருந்து வந்துச்சு?”

பாகேவாடி திரும்பிப் பார்த்தான். அங்கடி மேடம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கவுத்துப் போட்டோம்ல, அதனால ஆறு வந்துச்சு” என்றாள் நீலகங்கா.

“அது சரி மிஸ். ஏன் கவுக்கணும்?”

அவள் சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். அந்த நேரம் பார்த்துக் கடைநிலை ஊழியர் மௌலா சாச்சா குழுவினருக்கு டீ கொண்டு உள்ளே வந்தார். தட்டில் மூன்று கிளாஸ்.

“சாச்சா, ஒரு நிமிஷம் அங்கேயே நில்லுங்க” என்றாள். “பஸ்யா, அவர் கையில எத்தனை டீ இருக்கு?”

“மூணு மிஸ்.”

“பைடூ போட்டு ஆளுக்கு அரை கிளாஸா குடுத்தா எத்தனை பேர் குடிக்கலாம்?”

“ஆறு பேரு.”

“மூணு எப்படிடா ஆறாச்சு? டீ கூடிடுச்சா?”

“இல்ல மிஸ். டீ அதேதான்.”

“அப்ப கூடினது எது?”

அடிவெப்பா தட்டைப் பார்த்தார். நிஜமாகவே நேரம் எடுத்தது. “கிளாஸு” என்றார் மெல்ல.

“கிளாஸு. வகுக்கறதுன்னா கொறைக்கறது இல்லடா. இதுக்குள்ள அது எத்தனை தடவை இருக்குன்னு கேக்கறது. மூணுக்குள்ள அரை எத்தனை தடவை இருக்கு?”

“ஆறு தடவை.”

“ஒரு டீயில எத்தனை அரை?”

“ரெண்டு.”

“அந்த ரெண்டுதான் கவுந்துக்கிட்டு மேல வருது. நாம கவுக்கலை. அது அங்கதான் இருக்கு.”

அவர் வாய் திறந்தபடி இருந்தது. பிறகு, “அப்ப கால் கால் கிளாஸா ஊத்தினா பன்னெண்டு பேரா மிஸ்?” என்றார்.

“பன்னெண்டு பேர்.”

“யாருக்கும் பத்தாது மிஸ்.”

வேட்டி கட்டிய பெரியவர் வயிறு குலுங்கச் சிரித்தார். நஞ்சுண்டசாமி எழுதுகோலைத் திறந்து எதையோ எழுதினார், பக்கத்தைத் திருப்பியும் எழுதினார். நீலகங்காவின் குரல் திரும்ப வந்துவிட்டது. மணி அடித்தபோது அவள்தான், ‘ஐயோ, இன்னும் ரெண்டே நிமிஷம்’ என்று கேட்டாள். மௌலா சாச்சா ஆறிப்போன டீயோடு நின்றுகொண்டே இருந்தார்.

கடைசியாக அடிவெப்பா. தண்டேலிப் பக்கம் மழை கொட்டுகிறது, நவல்குந்தில் ஏன் வறட்சி என்பது அவர் பாடம். சமூக அறிவியல்தான் அவருக்குச் சொந்த நிலம், பதினோரு வருடத்தில் நூறு பேருக்கு இதை எப்படி நடத்துவது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். முதல் கேள்வியை நல்ல இடைவெளி விட்டு அழகாகக் கேட்டார்.

“கடல்லேருந்து வர்ற மேகம் வழியில எதுல முட்டுது?”

“மேற்குத் தொடர்ச்சி மலையில சார்.”

“முட்டினா...”

“மேல ஏறிக் குளிர்ந்து மழையாகும் சார். அந்தப் பக்கம் மழை மறைவுப் பிரதேசம் சார்” என்று பாகேவாடி ஒரே மூச்சில் பாடத்தைக் கையில் எடுத்து, கட்டி, திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அடிவெப்பா கடைசி பெஞ்சைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. இந்தப் பாடத்தில் பஸ்யா என்ன கேட்பான் என்று அவருக்குத் தெரியும். ஆனால் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு அதைக் கேட்க முடியாது. பதினோரு வருடமாக ஒரு வகுப்பு எப்படி நடக்கிறது என்பதைப் பெஞ்சிலிருந்தே பார்த்துப் பழகியவருக்கு, அன்றைக்குத்தான் பலகையின் பக்கம் எவ்வளவு ஆள் நடமாட்டமில்லாத இடம் என்று தெரிந்தது. அப்போது நீலகங்கா கையைத் தூக்கினாள்.

“சார்... மேகம்னா என்ன சார்?”

குரலைக் குழந்தை மாதிரி ஆக்கிக்கொண்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டாள். தன்னைக் காப்பாற்றத்தான் கேட்கிறாள் என்று அவருக்கு உடனே தெரிந்தது. அவளுக்கு மேகம் என்றால் என்னவென்று தெரியும் என்பதும் தெரிந்தது, குழுவுக்கும் தெரிந்தது. தெரிந்துகொண்டு கேட்கிற கேள்வியை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அவர் ஏதோ விளக்கினார். ஏழு நிமிடத்தில் பாடம் தீர்ந்தது. மிச்ச நேரத்துக்குத் தொகுத்துக் கூறினார், தொகுத்துக் கூறியதையும் தொகுத்துக் கூறினார்.

முடிந்ததும் நஞ்சுண்டசாமி கேட்டார். “பஸ்யா பஸ்யான்னாங்களே, அது நீங்களா? ஒரு ஆய்வேட்டுல படிச்ச ஞாபகம். முன்சோதனை நாலு, பின்சோதனை பதினேழு. வெளித்தேர்வாளர் நான்தான்.”

“ஆமா சார். நான்தான்.”

அவர் ஒரு கணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்கள் தொழிலில் வெட்கப்பட வேண்டியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தாரோ என்னவோ. “பிரமாதமா நடிக்கறீங்க” என்றார். “ஆனா இது ஆசிரியர் பதவி. மாணவர் பதவி இல்லையே.”

“புரியுது சார்” என்றார் அடிவெப்பா.

செவ்வாய்க்கிழமை முடிவு ஒட்டினார்கள். நீலகங்கா ஹிரேமட். அங்கடி மேடம் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, கௌரவ விரிவுரையாளர் இடம் எப்போதும் போல இருக்கிறது, எங்கும் போய்விட வேண்டாம், நீங்கள் இல்லாவிட்டால் நுண்கற்பித்தல் படுத்துவிடும் என்று சொன்னார். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார். அடிவெப்பா நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, வண்டி நிறுத்தும் இடத்தில் யாருடைய வண்டிமீதோ சாய்ந்துகொண்டு வெகுநேரம் நின்றார்.

மகாதேவி திட்டவில்லை. அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. பாகேவாடி வழியாக நடந்ததெல்லாம் ஊர் முழுக்கப் போய், அவள் பள்ளிக்கும் எட்டியிருந்தது. முன்னாள் மாணவிக்காகத் தன் வேலையையே விட்டுக் கொடுத்த பெரிய மனிதர் என்று சிலர், பிழைக்கத் தெரியாதவர் என்று பலர். இரண்டையும் அவள் அவரிடம் கேட்கவில்லை. தட்டில் ரொட்டியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

அந்த வாரக் கடைசியில் சாயங்காலம் நீலகங்கா வீட்டுக்கு வந்தாள். வேலை கிடைத்தவள் பேடா டப்பாவோடு வர வேண்டும். கொண்டுவரத் துணிவில்லாமல் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்திருந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“சார், ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு எனக்காகத்தான கை தூக்கினீங்க?”

மகாதேவி சமையலறைக் கதவருகே வந்து நின்றாள்.

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. நீங்க போட்ட பிச்சையில எனக்கு வேலைன்னா, எனக்கு வேணாம் சார். திங்கக்கிழமை ராஜினாமா எழுதிக் குடுத்துடறேன். எனக்காகத்தானே?”

‘ஆமாம்’ என்று சொல்லிவிடலாம். சொன்னால் ஊர் கொடுத்த பெரிய மனிதர் பட்டம் நிலைத்துவிடும். மனைவியின் முன்னால்கூடக் கொஞ்சம் தலை நிமிரலாம். அடிவெப்பா அந்தப் பட்டத்தை ஒரு கணம் மனசுக்குள் போட்டுப் பார்த்தார், நன்றாகத்தான் இருந்தது.

“இல்லம்மா” என்றார். “எனக்குத் தெரியாது. அதனால கேட்டேன்.”

“என்ன தெரியாது?”

“ஏன் கவுக்கணும்னு.”

நீலகங்கா மகாதேவியைப் பார்த்தாள். மகாதேவி கணவனைப் பார்த்தாள்.

“எட்டாவதுல எங்க கணக்கு வாத்தியார் கவுத்துப் போட்டுப் பெருக்குடான்னார். ஏன் சார்னு கேட்டேன். வெளிய நிறுத்திட்டார். மூணு நாள். அப்புறம் யார்கிட்டயும் கேக்கலை. கவுத்துப் போட்டே பத்தாவது, பி.ஏ., எல்லாப் பரிட்சையும் தாண்டிட்டேன். இங்க வந்து பெஞ்சுல உக்காந்தப்புறம்தான் தெரிஞ்சுது, பஸ்யா பேரைச் சொல்லிட்டா எதை வேணா கேக்கலாம், யாரும் வெளிய நிறுத்த மாட்டாங்கன்னு.”

“அப்ப நடிப்புன்னு எல்லாரும்...”

“என்னத்த நடிப்பு. சால்வை போர்த்தும்போது வேணாம்னு எப்படிச் சொல்றது.”

“அந்த நிலா கேள்வி?” என்றாள் மகாதேவி கதவருகிலிருந்து. கல்யாணமான புதிதில் அந்தக் கதையை அவர் எத்தனை முறை பெருமையாகச் சொல்லியிருப்பார்.

“அதுவும்தான்” என்றார் அடிவெப்பா.

“வேலை போனது வலிக்குது நீலா. வலிக்கலைன்னா பொய்” என்றார். “ஆனா அன்னைக்கு நீ போர்டுல எழுதி வெச்சுட்டு நின்னப்ப, இதை விட்டா இந்த ஜென்மத்துல இனி யார்கிட்ட கேக்கப் போறோம்னு தோணிடுச்சு. உன்னையும் நினைக்கலை, என் வேலையையும் நினைக்கலை. உன் வேலை உன்னோடது.”

நீலகங்கா உட்கார்ந்தாள். அழப்போகிறாள் என்று மகாதேவி நினைத்தாள். அவள் அழவில்லை. அவள் முகத்தில் ஒரு சந்தேகம் வந்திருந்தது, வாத்தியார்களுக்கு வருகிற சந்தேகம்.

“இப்ப புரிஞ்சுதா சார்?”

“புரிஞ்சுது மிஸ்.”

“புரிஞ்சுதுன்னு எல்லாரும்தான் சொல்றாங்க. மூணு டீ இருக்கு. முக்கால் முக்கால் கிளாஸா ஊத்தினா எத்தனை பேர் குடிக்கலாம்?”

அடிவெப்பா தரையைப் பார்த்தார். விரலால் தொடையில் எதையோ எழுதப் போய், அழித்துவிட்டார். மகாதேவிக்கு விடை தெரியும். அறுபத்தெட்டுப் பிள்ளைகளிடம் செய்வது போல உதட்டை அழுத்திக்கொண்டு சொல்லாமல் நின்றாள். நேரம் போய்க்கொண்டிருந்தது, மணி அடிக்க யாரும் இல்லை.

“நாலு” என்றார்.

“எப்படி?”

“மூணு பேருக்கும் கால் கால் கொறைச்சு ஊத்தினா, அவங்களுக்கு முக்கால் முக்கால். மிச்சம் மூணு கால் இருக்கு. அது நாலாவது ஆளுக்கு.”

“கவுக்கவே இல்லையே சார்.”

“தேவைப்படலை” என்று சொன்ன அடிவெப்பாவுக்கு அழுகை வந்துவிட்டது. கணக்கு சரியாக வந்ததற்கு அழத் தொடங்கி, தொடங்கியது தொடங்கிவிட்டது என்று வேலை போனதற்கும் சேர்த்து அழுதார். இரண்டு ஆசிரியைகளும் அவரைத் தடுக்கவில்லை.